யாருடைய வேகம்?

நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான் கிடைக்கும். தொடக்கத்தில் உடம்பு இலேசாக இருந்தது, முன்னால் போனவரைத் தொடர்வது சிரமமாகவே படவில்லை, பிறகு முப்பதாவது கிலோமீற்றரில் கால் கல்லாகிவிட்டது என்பார்கள். முதற் பகுதியில் அவசரப்பட்டதால்தான் கடைசிப் பகுதி நடையாக முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ஓடத் தொடங்கும் முன்னரும் தெரிந்தேயிருந்தது. அப்படியிருந்தும் அடுத்த மரதனிலும் அதையே செய்வார்கள். தெரிந்துகொண்டே செய்கிற தவறு என்பதால் இதை உடற்கல்வி ஆசிரியரிடம் மட்டும் விட்டுவிட முடியவில்லை. ஒழுக்கம் பற்றிச் சிந்திப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்துக்குரிய சங்கதி இலக்கியச் சஞ்சிகையில் எதற்கு என்று முகம் சுளிக்கும் வாசகர் சற்றுப் பொறுத்துக்கொள்வாராக.

கண்டி இந்தக் கேள்வியை ஓடுபவரின் முழங்காலிடமே கேட்டுவிடுகிற நகரம். மூன்று பக்கம் மகாவலி வளைந்தோட, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியைப் போலக் கிடக்கிறது நகரின் மையம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியைச் சுற்றி ஒருமுறை ஓடினால் மூன்று கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அங்கே நடக்கவும் ஓடவும் வருகிறவர்கள் பலர். மர நிழல், நீரின் குளிர்ச்சி, சமதரை. வாவிக்கரையில் எவரும் தம்மை நல்ல ஓட்டக்காரர் என்றே எண்ணிக்கொள்ளலாம். வாவியை விட்டு விலகியதும் கதை மாறும். ராஜபிஹில்ல மாவத்தை, அம்பிட்டிய வீதி, ஹந்தானைப் பாதை, பைரவகந்தைப் பக்கம் என்று எங்கே திரும்பினாலும் ஏற்றம். பேராதனை வீதி மட்டும் வேறு விதமாக ஏமாற்றும். நகரிலிருந்து பேராதனைவரை ஆறு கிலோமீற்றர் அளவான அந்த வீதி மொத்தத்தில் ஆற்றை நோக்கி மெல்ல இறங்குகிறது. இறக்கம் அவ்வளவு மெல்லியது என்பதால் பஸ்ஸில் போகிறவர் அதை உணரமாட்டார். ஓடுகிறவரும் உணரமாட்டார், இன்று தாம் நன்றாக ஓடுவதாகவே அவருக்குப் படும். கட்டுக்கலையைத் தாண்டி, கெட்டம்பேயைத் தாண்டி, பூந்தோட்ட வாசல்வரை போய்த் திரும்பும்போதுதான் தரை தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும். போகும்போது தன் திறமை என்று எண்ணியதில் பாதி, பாதையின் சரிவு என்பது அப்போது விளங்கும்.

இதன் உடலியல் எளிமையானது. தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாச்சத்துச் சேமிப்பு ஒன்று உண்டு. நன்றாக உண்டு, நன்றாகப் பயின்ற ஒருவருக்கும் அது சுமார் முப்பது கிலோமீற்றருக்கே போதும். மிகுதித் தூரத்துக்குக் கொழுப்பை எரித்துச் சக்தி பெறவேண்டும். கொழுப்போ மந்தமாக எரிவது. வேகம் கூடக்கூட உடல் மாச்சத்தையே அதிகமாக நாடும் என்பதால், தொடக்கத்தில் விரைகிறவரின் சேமிப்பு முப்பதுக்கு முன்னரே வற்றிவிடுகிறது. கணக்காகவே பார்க்கலாம். மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். நான்கு மணித்தியாலத்தில் முடிக்க நினைப்பவர் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 செக்கன் எடுத்துக்கொள்ளலாம். அவர் முதற் பத்தை 5 நிமிடம் 15 செக்கன் வீதம் ஓடினால் 4 நிமிடம் 20 செக்கன் இலாபம். அதற்குப் பலனாகக் கடைசிப் பத்தில் 7 நிமிடம் 30 செக்கன் வீதம் தள்ளாடினால் நட்டம் 18 நிமிடத்துக்கும் மேல். நான்கு வாங்கிப் பதினெட்டுக் கொடுக்கும் இந்த வியாபாரத்தைக் கண்டி வர்த்தகர் எவரும் கடையில் செய்யமாட்டார். வட்டி ஹராம் என்று கற்றுக்கொண்ட நாம், எமது உடம்பிடமிருந்து மட்டும் இப்படிக் கடுவட்டிக்குக் கடன் எடுக்கத் தயங்குவதில்லை.

அப்படியானால் ஏன் எடுக்கிறோம்? துவக்கக் கோட்டில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி தெரியும். தனியே வாவியைச் சுற்றும்போது தன் மூச்சைக் கேட்டு ஓடுகிறவன், நூறு பேர் நடுவே நிற்கும்போது மற்றவர்களின் காலடியைக் கேட்டு ஓடுகிறான். அடுத்தவர் முந்தும்போது அவர் எத்தனை மாதம் பயின்றவர், எத்தனை வயதினர், அவரும் இதே பிழையைத்தான் செய்கிறாரா என்பதெல்லாம் இவனுக்குத் தெரியாது. முதுகு மட்டுமே தெரிகிறது. அந்த முதுகைத் தன் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறான். வீதியோரத்தில் கைதட்டும் சனமும் ஒரு காரணம். கைதட்டல் தொடக்கத்திலும் முடிவிலும்தான் இருக்கும். இடையில் இருபத்தைந்தாவது கிலோமீற்றரில் நாய்களைத் தவிர வேறு பார்வையாளர் இருக்கமாட்டார்கள். ஆகவே பார்க்கிறவர்கள் இருக்கும் இடத்தில் செலவழித்து, எவரும் பாராத இடத்தில் வறுமைப்படுகிறோம். மனிதனின் அவசரச் சுபாவத்தைச் சுட்டிக்காட்டும் அல்குர்ஆன், லுக்மான் தன் மகனுக்குச் செய்த உபதேசத்தில் நடையின் வேகத்தையும் சேர்த்துச் சொல்கிறது; நடையில் நடுத்தரம் பேணும்படி கூறும் அந்த இடம், பெருமையடித்து நடப்பதைத் தடுத்த வசனத்துக்கு அடுத்தே வருவது கவனிக்கத்தக்கது. வேகமும் பெருமையும் அண்டை வீட்டார் என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

விடையின் மற்றப் பகுதி இன்னும் ஆழமானது. முதற் பத்தை ஓடுகிறவனும் கடைசிப் பத்தை ஓடுகிறவனும் ஒரே மனிதன் என்று பெயரளவில் சொல்கிறோம். ஆனால் முதலாமவனுக்கு இரண்டாமவனின் வலி தெரியாது. அவன் இன்னும் பிறக்கவில்லை. அவனுக்குப் பேச வாயில்லை. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் டெரெக் பார்பிட் 1984இல் வெளிவந்த தமது நூலில் இத்தகைய ஒரு வாதத்தை முன்வைத்தார். எதிர்காலத்து நான், இன்றைய எனக்கு ஏறத்தாழ இன்னொரு மனிதனைப் போன்றவன். எனவே என் எதிர்காலத்துக்கு நானே பெருங்கேடு செய்துகொள்வதை வெறும் முட்டாள்தனம் என்று தள்ளிவிடாமல் ஒழுக்கக்கேடு என்றே கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். இளவயதில் புகைபிடிக்கத் தொடங்குபவனைப் பற்றிய வாதம் அது. கெட்டம்பே இறக்கத்தில் பாய்ந்தோடுபவனுக்கும் பொருந்தும்.

இதைப் படிக்கும்போது இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் வரும் சுயவிசாரணை பற்றிய பாகம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட அந்த எழுத்தில் நஃப்ஸ் ஒரு வியாபாரப் பங்காளிக்கு ஒப்பிடப்படுகிறது. முதலை அவன் கையில் கொடுக்கிறோம். கொடுக்கும் முன் நிபந்தனை பேசவேண்டும். வியாபாரம் நடக்கும்போது கண்காணிக்க வேண்டும். கடை பூட்டும்போது கணக்குப் பார்க்கவேண்டும். முஷாரதா, முராகபா, முஹாஸபா என்று அறபியில் பெயர் பெற்ற இந்த மூன்றையும் ஓர் ஓட்டக்காரரிடம் விளக்கினால் அவர் உடனே பிடித்துக்கொள்வார். முதல்நாள் இரவு இத்தனை வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று தன்னோடு உடன்படிக்கை செய்துகொள்வதும், ஒவ்வொரு கிலோமீற்றர் கல்லிலும் கடிகாரத்தைப் பார்ப்பதும், முடிந்தபின் எங்கே கைநழுவியது என்று தேடுவதும் அவருக்குப் பழக்கமானவையே. உடன்படிக்கை முறிவது எப்போதும் நடுவில் உள்ள கட்டத்தில்தான். அந்தப் பங்காளி கெட்டிக்காரன். இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, நேற்றுப் பேசிய நிபந்தனை நேற்றைய உடம்புக்கானது என்று நியாயம் சொல்வான். எமது ஊர்ச் சில்லறைக் கடைகளில் இருந்த கடன் கொப்பியை அறிந்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. ஒவ்வொரு வரியும் சிறிய தொகை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்வரை யாரும் கடன்காரர் இல்லை.

இந்த இடத்தில் நிதானத்துக்கு எதிராகவும் பேசவேண்டியிருக்கிறது. 42.195 என்ற விசித்திரமான தூரம் முதன்முதலில் ஓடப்பட்டது 1908 லண்டன் ஒலிம்பிக்கில். இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி கடைசிக் கட்டத்தில் முன்னணிக்கு வந்து, மைதானத்துக்குள் நுழைந்ததும் திசை தடுமாறி, மீண்டும் மீண்டும் விழுந்தார். உத்தியோகத்தர்கள் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைக் கடக்க உதவியதால் தகுதி நீக்கப்பட்டார். தங்கப் பதக்கம் அமெரிக்கரான ஜோனி ஹேய்ஸுக்குப் போனது. ஹேய்ஸ் நிதானமாகத் தொடங்கிப் பிற்பகுதியில் ஒவ்வொருவராகப் பிடித்தவர், முறையாக ஓடியவர். ஆனால் அரசி அலெக்ஸாண்ட்ரா மறுநாள் தங்கமுலாம் பூசிய கிண்ணத்தைப் பரிசளித்தது பியெத்ரிக்குத்தான். இன்றும் அந்தப் படத்தில் உலகம் அடையாளம் காண்பது அவரையே. தன்னை முழுவதும் எரித்துக்கொண்டவன்மீது எமக்கு ஓர் ஈர்ப்பு இருக்கிறது. சரியாகக் கணக்குப் பார்த்து ஓடியவனை மதிக்கிறோம், நேசிப்பதில்லை. இதில் உண்மை எதுவும் இல்லையென்று சொல்லமாட்டேன். எல்லைக்கோட்டைத் தாண்டியபின் இன்னும் ஐந்து கிலோமீற்றர் ஓடத் தெம்பு மிஞ்சியிருந்தால், அந்தத் தெம்பு எங்கே செலவாகியிருக்க வேண்டியது என்ற கேள்வி நியாயமானது. நன்மைகளில் முந்திக்கொள்ளும்படி ஏவும் வேதம்தான் நடுத்தரத்தையும் ஏவுகிறது. எமது சமூகத்தில் நிதானம் என்ற சொல் பயத்துக்கும் சோம்பலுக்கும் போர்வையாகப் பலமுறை பயன்பட்டிருக்கிறது. அவசரப்படாதே மகன் என்று பெரியவர்கள் சொல்லும்போது பாதி நேரம் அவர்கள் சொல்வது, புறப்படாதே என்பதைத்தான்.

ஆகவே நிதானம் என்பது மெதுவாகப் போவது என்று கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். இதற்கு நல்ல உதாரணம் சிபான் ஹஸன். எத்தியோப்பியாவில் பிறந்து, 2008இல் பதினைந்து வயதில் அகதியாக நெதர்லாந்து வந்த முஸ்லிம் பெண். ஓடுபாதையில் பெயர் பெற்ற அவர் தமது முதலாவது மரதனை ஓடியது 2023 ஏப்ரல் 23இல், லண்டனில். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டொரு நாளே ஆகியிருந்தது; றமழானிலும் பயிற்சியை விடாதிருந்தவர். ஓட்டத்தின் நடுப்பகுதியில் இடுப்பில் பிடிப்பு ஏற்பட, உலகின் மிகச் சிறந்த பெண்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்க, அவர் வீதியில் நின்று காலை நீட்டி இடுப்பைத் தளர்த்தினார். ஒருமுறை மட்டுமல்ல, மீண்டும் நின்றார். முன்னணிக் குழு எட்டாத தூரம் போயிற்று. அந்நேரம் நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று: ஓட்டத்தைக் கைவிடுவது, அல்லது இழந்ததை அடுத்த கிலோமீற்றரிலேயே மீட்டுவிடப் பாய்வது. அவர் பல கிலோமீற்றர் தூரத்தில் சிறுகச் சிறுக இடைவெளியைக் குறைத்து, கடைசியில் அவர்களைச் சேர்ந்து, இறுதி நேர்வீதியில் முந்தி, 2 மணி 18 நிமிடம் 33 செக்கனில் வென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் வெண்கலம் பெற்று, வெர்சாய் நோக்கி ஏறி இறங்கும் மேட்டுப் பாதையில் மரதனையும் ஓடித் தங்கம் பெற்றார்; ஹிஜாப் அணிந்து அந்தப் பதக்கத்தை ஏற்றார். லண்டனில் அவர் வீதியில் நின்ற அந்தச் சில விநாடிகளைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். எல்லோரும் ஓடும்போது தன் உடம்புக்கு இப்போது என்ன தேவை என்று கேட்க ஒருவருக்கு முடிந்திருக்கிறது. உடம்புக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் மிம்பரில் கேட்டுவிட்டு, பாதணியோடு அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இதுவரை சொன்னது தனியொருவன் தன்னோடு கொள்ளும் கணக்கு. கூட்டமாக ஓடும்போது இன்னொரு கணக்கும் சேருகிறது. பெரிய மரதன்களில் வேகம் அமைத்துக் கொடுப்பதற்கென்றே சிலர் அமர்த்தப்படுவதுண்டு, பேஸ்மேக்கர் என்பர். 2019 ஒக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடி, இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் மனிதரானபோது 41 பேர் முறைவைத்து அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். முன்னால் சென்ற வாகனம் ஓட வேண்டிய வேகத்தை ஒளிக்கோடாகத் தரையில் வரைந்து காட்டியது. திறந்த போட்டியாக இல்லாததாலும் இடையிடையே ஆட்கள் மாறியதாலும் அது சாதனைப் பட்டியலில் சேரவில்லை. அந்த 41 பேரும் தங்கள் நாட்டில் பெயர்பெற்ற ஓட்டக்காரர்கள். அன்று அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேகம் அவர்களுடையதல்ல, பின்னால் வந்த ஒருவருடையது. முன்னால் ஓடுகிறவன் பின்னால் வருகிறவனுக்காக ஓடுவது என்ற இந்த ஏற்பாடு, பள்ளிவாசலில் தினம் ஐந்து முறை நடப்பதை நாம் கவனிப்பதில்லை.

முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களின் சம்பவம் பிரசித்தமானது. நபி (ஸல்) அவர்களோடு இஷாவைத் தொழுதுவிட்டுத் தமது கூட்டத்தாரிடம் சென்று அவர்களுக்குத் தொழுவிப்பார். ஓரிரவு ஸூரத்துல் பகராவை ஓதத் தொடங்கினார். பகல் முழுவதும் ஒட்டகங்களோடு உழைத்துக் களைத்திருந்த ஒருவர் ஜமாஅத்திலிருந்து விலகித் தனியே தொழுதுவிட்டுப் போனார். அவரை முஆத் குறைகூற, விடயம் நபிகளாரிடம் போயிற்று. கண்டிக்கப்பட்டவர் தொழுகையை விட்டுப் போனவர் அல்ல, தொழுவித்தவர். சிறிய ஸூராக்களை ஓதும்படி அவருக்குப் பணிக்கப்பட்டது. பின்னால் பலவீனரும் முதியவரும் தேவையுள்ளவரும் நிற்பதாகக் காரணமும் சொல்லப்பட்டது. இன்னொரு ஸஹாபியை ஒரு கூட்டத்துக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரை அளவாகக் கொள்ளும்படி நபிகளார் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. முஆத் செய்தது தீமையன்று. அவருடைய ஆற்றலுக்கு அது பொருத்தமான வேகம். இமாமாக நின்றபோது அந்த ஆற்றல் அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது. தனியே தொழுபவர் விரும்பிய அளவு நீட்டலாம் என்ற அனுமதியும் அதே போதனையில் உண்டு. தனியோட்டத்துக்கு ஒரு நீதி, கூட்டோட்டத்துக்கு ஒரு நீதி.

எமது நாட்டில் மரதன் என்ற சொல்லைப் பெரும்பாலோர் முதலில் கேட்பது பாடசாலையில்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் ஊர் வீதியில் சில கிலோமீற்றர் ஓடவிடுவார்கள். உண்மையான மரதனின் தூரம் அதற்கில்லை, பெயர் மட்டும் உண்டு. வருடம் முழுவதும் மேசையின் முன்னால் குந்தியிருந்த பிள்ளை, இல்லத்துக்குப் புள்ளி எடுக்கவென்று ஒரு நாளில் ஓடும். வேகத்தைப் பங்கிட்டு ஓடு என்று அதற்கு யாரும் கற்பித்திருக்கமாட்டார்கள். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். ஊரார் வீதிக்கிறங்கி நியாயம் கேட்டார்கள். அச்சாவின் காரணத்தை இங்கிருந்து நான் தீர்மானிக்க முடியாது, அது வைத்தியரின் வேலை. ஆனால் அன்றைய செய்தியை வாசித்த கண்டிப் பெற்றோர் பலருக்கும் தோன்றியிருக்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதலாம். எங்கள் பிள்ளைகள் அக்குறணை வீதியிலோ மடவளை வீதியிலோ ஓடும்போது, முதலாவதாக வருகிறவனுக்காக எல்லைக்கோட்டில் கடிகாரத்தோடு ஒருவர் நிற்கிறார். கடைசிப் பிள்ளையோடு யார் வருகிறார்?

பலவீனரின் வேகமே எப்போதும் எல்லோருடைய வேகமாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்தி லெப்பையை (1838-1898) நினைத்துக்கொள்கிறேன். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அஸன்பே சரித்திர'த்தை வெளியிட்டு, ஆங்கிலக் கல்வியைக் கண்டு அஞ்சிய சமூகத்துக்குப் பாடசாலை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர். அன்றைய சமூகத்தின் வேகத்தில் அவர் நடந்திருந்தால் 1892இல் கொழும்பில் அந்த மதரசா தோன்றியிருக்காது, ஸாஹிராவும் இருந்திருக்காது. அவர் முன்னே ஓடினார். ஆனால் பத்திரிகை நடத்தியவர் என்பதைக் கவனிக்கவேண்டும். வாரந்தோறும் பின்னால் வருகிறவர்களோடு, அவர்களுடைய தமிழிலேயே, பேசிக்கொண்டு ஓடியவர். முதுகு மறையும் தூரத்துக்கு அவர் போய்விடவில்லை. முஆதுக்குச் சொல்லப்பட்டதும் சித்தி லெப்பை செய்ததும் ஒன்றையொன்று மறுப்பனவா என்று பலகாலம் யோசித்திருக்கிறேன். முற்றாகப் பொருந்துவதாகவும் சொல்லத் துணிவில்லை. பின்னால் நிற்பவரின் களைப்பை அறிந்து முன்னே போவதற்கும், அறியாமல் முன்னே போவதற்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பேச்சு முழுவதும் ஓரளவு வசதியுள்ளவர்களின் பேச்சு என்பதையும் மறைக்கக்கூடாது. ஹந்தானை ஏற்றத்தில் காலையில் மூச்சிரைக்க ஓடுகிறவர்கள், தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களை எதிர்கொள்வதுண்டு. அவர்களும் அதே சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறவர்கள். அவர்களின் வேகத்தைத் தீர்மானிப்பது தராசு. குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையில் மெதுவாகத் தொடங்கிப் பிற்பகலில் கூட்டிக்கொள்ளலாம் என்று மழையோடும் அட்டையோடும் உடன்படிக்கை எழுதமுடியாது. முந்நூற்றறுபது நாளும் மற்றவர் வகுத்த வேகத்தில் நடப்பவளுக்கு நிதானத்தின் சிறப்பை எடுத்துச்சொல்ல எனக்கு நாக்கு எழாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி தராசின் முள்ளிடம் இருக்கிறது.

கடைசியாக வருகிறவரைப் பற்றி எம் நாட்டுக்கு உலகம் அறிந்த ஒரு கதை இருக்கிறது. எமது பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தெரியாது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டன்கன் வைட் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி பெற்றதை எல்லா பொது அறிவுப் புத்தகமும் சொல்லும். ரணதுங்க கருணானந்தவைச் சொல்லாது. 1964 ஒக்டோபர் 14, டோக்கியோ, 10,000 மீற்றர் இறுதிப் போட்டி. யாரும் எதிர்பாராத அமெரிக்கர் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். துனீசியாவின் முஹம்மத் கம்மூதி ஒரு செக்கனின் பின்னத்தால் இரண்டாமிடம். ஓட்டத்தைத் தொடங்கிய முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேர் இடையில் விலகிக்கொண்டார்கள். விலகாமல் கடைசியில் ஓடிக்கொண்டிருந்தவர் இலங்கையின் கருணானந்த, மார்பில் 67ஆம் இலக்கம். போட்டிக்கு முன்னர் அவர் உடல்நலம் குன்றியிருந்தார் என்பர். மற்றவர்கள் முடித்துவிட்ட பின்னரும் அவருக்குச் சுற்றுகள் மிஞ்சியிருந்தன. தனியொருவராக ஓடியவரைப் பார்த்து முதலில் அரங்கில் சிரிப்பும் கேலியும் எழுந்தன. அடுத்த சுற்றில் அது அடங்கியது. அதற்கடுத்த சுற்றில் பல்லாயிரம் ஜப்பானியர் கைதட்டத் தொடங்கினார்கள்.

அவர் முடித்த நேரம் 34 நிமிடம் 21.2 செக்கன், மில்ஸுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்னால். ஜப்பானில் அந்த ஓட்டத்தைப் பாடப்புத்தகத்தில் சேர்த்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கம்மூதியும் மில்ஸும் ஓடிய வேகம் அவரது கண்முன்னே பலமுறை அவரைக் கடந்து போயிருக்கிறது. அதைத் தொடர அவர் முயலவில்லை, அதைக் கண்டு நிற்கவுமில்லை. கடைசிச் சுற்றின் நேர்பகுதிக்கு வந்ததும், முந்துவதற்கு அங்கே ஒருவரும் இல்லாதபோது, வேகத்தைக் கூட்டி ஓடி முடித்தார்.